பழைய இரும்போடு போகும் கணக்கு

விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினியை முறைப்படி ஏற்காது. இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். ஆக, 2017-க்கு முன்னால் வாங்கிய அலுவலகக் கணினிகளில் பெரும்பாலானவை நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் ஓய்வு பெற வேண்டியவை. புதியதைக் கொண்டுவந்து மாட்டித் தரும் கடைக்காரரே பழையதைத் தூக்கிக்கொண்டு போகிறார். பில்லில் ஏதோ ஒரு தொகை கழிகிறது. மேசை காலியானதில் எல்லாருக்கும் நிம்மதி.

காரைக்காலில் அப்படிப் போகும் ஒரு பெட்டிக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அந்த நிம்மதி கொஞ்சம் குறையும். ஊர் சின்னதுதான், ஆனால் ஆவணங்கள் ஏராளம். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்து, 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்த மண் இது. பிரெஞ்சுக் குடியுரிமையோடும் ‘சொல்தா’ எனப்படும் பிரெஞ்சுப் படைவீரர் பென்ஷனோடும் உறவுள்ள குடும்பங்கள் இன்றும் உண்டு. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்கு அவர்கள் கொண்டுபோகும் பிறப்பு, திருமணச் சான்றுகளின் நகல்கள் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஸ்கேன் ஆகியிருக்கும். சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு வந்து தங்குகிறவர்களின் ஆதார் நகல் விடுதியின் வரவேற்பு மேசைக் கணினியில் சேர்ந்துகொண்டே போகிறது. வாஞ்சூர்ப் பக்கம் துறைமுகத்தை நம்பித் தொழில் நடத்தும் கிளியரிங் ஏஜென்டிடம் இறக்குமதியாளர்களின் வங்கி விவரங்கள் இருக்கும். ஆடிட்டர் ஆபீஸில் பான் எண்கள், டேலி கணக்கு, போதாக்குறைக்கு எல்லா வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி கடவுச்சொல்லையும் வரிசையாக எழுதிவைத்த ஒரு எக்செல் கோப்பு. இந்த எக்செல் கோப்பு இல்லாத ஆடிட்டர் ஆபீஸ் தமிழ் பேசும் உலகத்தில் உண்டா என்பது சந்தேகம்.

“எல்லாவற்றையும் டெலிட் பண்ணிட்டுத்தான் சார் குடுத்தோம்” என்பார்கள். உண்மையாகவே செய்துமிருப்பார்கள். ஆனால் டெலிட் என்ற கட்டளை கோப்பைத் தொடுவதே இல்லை. ஹார்டு டிஸ்கின் ஒரு மூலையில், எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை ஒன்று இருக்கிறது. அதில் உள்ள ஒரு வரியை ‘இனி இந்த இடம் காலி’ என்று குறித்துவைப்பதோடு கட்டளையின் வேலை முடிந்தது. வாசலில் இருந்த கதவு எண்ணைப் பெயர்த்து எடுத்தால் வீடு இடிந்துவிடாதே, அந்த மாதிரிதான். வேறு கோப்பு வந்து அதே இடத்தில் உட்காரும்வரை பழையது அப்படியே கிடக்கும். விரைவு ஃபார்மேட் அட்டவணையையே புதிதாகப் போடுகிறது. அப்போதும் கோப்புகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

அட்டவணை இல்லாமல் கோப்பைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட அதே பைட்டுகளோடு தொடங்கும். பிடிஎஃப் கோப்பு தன் வகையின் பெயரை முதல் வரியிலேயே எழுதிக்கொண்டு வரும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள், வட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்து இந்தத் தொடக்கங்களைத் தேடி, கோப்புகளைப் பொறுக்கி எடுத்துவிடும். கல்யாண ஃபோட்டோவைத் தவறுதலாக அழித்தவர்களைக் காப்பாற்றுவதும் இதே மென்பொருள்தான். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது நல்லதும் செய்யும், கெட்டதும் செய்யும்.

அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் பழைய ஹார்டு டிஸ்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாங்கியது 158, வேலை செய்தது 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தது 12 மட்டுமே. மீதி வட்டுகளில் 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் குறிப்புகள், சொந்தக் கடிதங்கள். ஒன்று பணம் எடுக்கும் இயந்திரத்திலிருந்து வந்தது. இதற்கெல்லாம் அவர்கள் செய்த செலவு, பழைய சாமான் வாங்கும் செலவுதான்.

சரி, மேலெழுதினால் போகுமா? இங்கேதான் இணையத்திலும் கடைகளிலும் பயமும் புராணமும் கலந்து பேசப்படுகின்றன. ஒரு தடவை போதாது, ஏழு தடவை எழுத வேண்டும், 35 தடவை எழுத வேண்டும் என்பார்கள். 35 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் குட்மன் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். எழுதும் முனை ஒவ்வொரு தடவையும் துல்லியமாக அதே தடத்தில் போகாது, ஓரத்தில் பழைய காந்தத் தடயம் மிஞ்சும், நுண்ணோக்கியால் அதைப் படிக்க முடியலாம் என்பது அவர் வாதம். அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த பலவகைப் பதிவு முறைகள் அனைத்துக்கும் சேர்த்து அவர் போட்ட வரிசைதான் அந்த 35. எந்த ஒரு வட்டுக்கும் 35-உம் தேவைப்படாது. பின்னாளில் அவரே ஒரு பின்குறிப்புச் சேர்த்து, இன்றைய வட்டுகளுக்கு இந்த வரிசை பொருந்தாது என்று சொல்லிவிட்டார். மென்பொருள்களின் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குட்மனின் ஐயத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2008 டிசம்பரில் நம் பக்கத்து ஹைதராபாத்தில் நடந்த கருத்தரங்கில் வாசிக்கப்பட்டது. எழுதியவர்களில் முதல்வர் கிரெய்க் ரைட். ஆம், பிட்காயினைப் படைத்தவன் நானே என்று பிற்பாடு சொல்லிக்கொண்டு, 2024இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் அது பொய் என்று தீர்ப்பு வாங்கிய அதே ஆள். ஆளை நம்பத் தேவையில்லை, அவர் தந்த எண்களைப் பார்ப்போம். ஒரே ஒரு தடவை மேலெழுதிய நவீன வட்டில், பழைய பிட் ஒன்றை நுண்ணோக்கியால் சரியாகச் சொல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 56 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 சதவீதம் கிடைக்கும். ஒரு பைட்டுக்கு 8 பிட். எட்டும் சரியாக விழும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது.

இந்தக் கணக்கைத் தமிழுக்குக் கொண்டுவந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘காரைக்கால்’ என்று எழுதினால், துணைக்கால், புள்ளி எல்லாம் சேர்த்து 10 குறி, 30 பைட், 240 பிட். அந்த 240-உம் சரியாக வர, 1-க்குப் பின்னால் 60 சுழி போட்ட எண்ணிக்கையில் ஒரு வாய்ப்பு. ஊர்ப் பெயர் ஒன்றை மீட்பதற்கே இந்த நிலைமை.

அதனால் முள் ஓடும் வகை ஹார்டு டிஸ்க் வேலை செய்கிற நிலையில் இருந்தால், முழு வட்டையும் ஒரு தடவை மேலெழுதுவது போதும். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியும் சாதாரணத் தேவைக்கு இதையே சொன்னது. 1 டெராபைட் வட்டில் நொடிக்கு 120 மெகாபைட் வேகத்தில் எழுதினால் இரண்டே கால் மணி நேரம் ஆகும். அதையே 35 தடவை செய்தால் மூன்று நாளைத் தாண்டும். அதற்குள் மின்சாரம் போய்விடும் என்பது டெல்டாவில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு வந்த பதிப்புகளில் விரைவு ஃபார்மேட் என்ற கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மேட் செய்தால், அந்தப் பிரிவு முழுவதும் சுழி எழுதப்படும். ஆனால் சி, டி என்று பிரித்திருந்தால் எல்லாப் பிரிவையும் செய்ய வேண்டும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் பிரிவை அதுவே அழித்துக்கொள்ளாது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டுவது, அல்லது ஷ்ரெட்ஓஎஸ் மாதிரியான இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைக் கிளப்புவது நல்லது.

மேலெழுதலுக்கும் எட்டாத இடங்கள் உண்டு. பழுதாகத் தொடங்கிய பகுதிகளை வட்டு தானாகவே ஒதுக்கிவிட்டு மாற்று இடத்துக்குப் போய்விடும். ஒதுக்கிய பகுதியில் பழைய எழுத்து இருக்கும், வெளியிலிருந்து போகும் எந்தக் கட்டளையும் அதைத் தொடாது. வட்டின் உள்ளேயே இருக்கும் செக்யூர் இரேஸ் என்ற கட்டளையைக் கிளப்பினால் இப்படிப்பட்ட மூலைகளையும் பெரும்பாலும் தொட்டுவிடும். சாதாரண அலுவலகத்துக்கு இந்தத் துணுக்குகள் கவலைப்படும் அளவுக்குப் பெரியவை அல்ல என்பது என் எண்ணம்.

கவலைப்பட வேண்டியது எஸ்எஸ்டி. அதில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. மின்னேற்றத்தைச் சிறைவைக்கும் கோடிக்கணக்கான சிற்றறைகள்தான். ஒவ்வொரு அறையையும் இத்தனை தடவைதான் எழுதி அழிக்கலாம் என்ற வரம்பு இருப்பதால், எல்லா அறைகளும் சமமாகத் தேயும்படி உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு எழுத்தை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். ‘இந்தக் கோப்பின் மேல் சுழி எழுது’ என்றால், அது வேறொரு காலி அறையில் சுழியை எழுதிவிட்டு, பழைய அறையைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கும். சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2011இல் இதைச் சோதித்தார்கள். தனிக் கோப்பை அழிக்கும் மென்பொருள்களைக் காந்த வட்டுக்கென்று எழுதியிருந்த முறையிலேயே எஸ்எஸ்டியில் ஓட்டிப் பார்த்தபோது, கோப்பின் 4 முதல் 75 சதவீதம்வரை சில்லுகளில் மிஞ்சியிருந்தது. அதைவிட மோசமானது இன்னொன்று. செக்யூர் இரேஸ் கட்டளையை ஏற்று ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று பதில் சொன்ன ஒரு எஸ்எஸ்டியில் எல்லாக் கோப்புகளும் அப்படியே இருந்தன. பிறகு வந்த தயாரிப்புகள் மேம்பட்டிருக்கின்றன, டிரிம் என்ற ஏற்பாடும் உதவுகிறது. இருந்தாலும் எஸ்எஸ்டிக்குத் தயாரித்த நிறுவனமே தரும் அழிப்பு மென்பொருளைப் பயன்படுத்தி, பிறகு சரிபார்ப்பதே வழி. காந்தம் காட்டுவது எஸ்எஸ்டியிடம் வீண் வேலை, அதில் காந்தத்தால் எழுதிய எதுவும் கிடையாது.

இனி, செத்துப்போன வட்டு. சுழலவே மாட்டேன் என்று ‘டிக், டிக்’ சத்தம் போடுகிறது. மேலெழுத வழியில்லை. மெக்கானிக் டிரில்லிங் மெஷினோடு வருவார், இல்லையேல் அண்ணன் சுத்தியலை எடுப்பார். “அரசலாற்றில் வீசிடலாம், உப்புத் தண்ணியில அரிச்சுப் போயிடும்” என்று யோசனை சொல்ல ஒருவர் இருப்பார்.

500 ஜிபி கொண்ட ஒற்றைத் தட்டு ஹார்டு டிஸ்கை எடுத்துக்கொள்வோம். மேசைக் கணினியின் 3.5 அங்குல வட்டில், இரு முகத்திலும் சேர்த்து எழுதும் பரப்பு சுமார் 10,800 சதுர மில்லிமீட்டர் வரும். வகுத்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 46 எம்பி. ஒரு ஆதார் நகல் 300 கேபி என்றால், அந்த ஒரு மில்லிமீட்டர்ச் சதுரத்தில் 150 பேரின் ஆதார் அடங்கும். 10 மில்லிமீட்டர் அலகால் ஒரு ஓட்டை போட்டால் போவது பரப்பில் ஒன்றரை சதவீதம்தான். மீதி 98 சதவீதத்தில் காந்த எழுத்து பத்திரமாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஓட்டை போடுவது வீண் என்று முடிவுகட்ட வேண்டாம். படிக்கும் முனை தட்டின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. ஓட்டையின் ஓரத்தில் எழும்பிய பிசிறு ஒன்றே முனையை உடைத்துவிடும். அந்தத் தட்டைச் சாதாரண வழியில் யாரும் படிக்க முடியாது. சிறப்பு ஆய்வகமும், பெரும் பணமும், அதைவிடப் பெரிய காரணமும் வேண்டும். காயலான் கடையிலிருந்து சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் அங்கே யாரோ மாட்டிப் பார்ப்பதுதான் உங்கள் பயம் என்றால் ஓட்டை தாராளமாகப் போதும். ராணுவ ரகசியம் வைத்திருப்பவருக்குப் போதாது. எந்த முறை சரி என்ற கேள்விக்கு, யாருக்குப் பயப்படுகிறீர்கள் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ஒரு எச்சரிக்கை: மடிக்கணினியின் 2.5 அங்குல வட்டில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. சுத்தியலால் அடித்தால் பொடிப்பொடியாகச் சிதறும். தகவலுக்கு அது நல்லது, கண்ணுக்கு நல்லதல்ல.

ஆற்றில் வீசுவதும் நெருப்பில் போடுவதும் வேறு ரகம். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது வானிலேயே சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரை நாம் இழந்த விபத்து. அதிலிருந்து விழுந்த ஹார்டு டிஸ்க் ஒன்று பல மாதம் கழித்து டெக்சாஸில் வற்றிப்போன நீர்ப்படுகையில் கிடைத்தது. பிளாஸ்டிக் பாகமெல்லாம் உருகி, மின்பலகை கருகிக் கிடந்தது. தட்டுகளைச் சுத்தம் செய்து வேறொரு பெட்டியில் பொருத்தி, அதிலிருந்த ஆய்வுத் தரவில் ஏறத்தாழ 99 சதவீதத்தை மீட்டார்கள். விண்வெளியிலிருந்து விழுந்த வட்டுக்கே இந்த ஆயுள் என்றால், அரசலாற்று முகத்துவாரத்தில் போட்டது எத்தனை நாளில் அழியும் என்று நாள் குறிக்க யாராலும் முடியாது. மின்பலகையின் ஈயமும் தீத்தடுப்பு வேதிப்பொருளும் மீனுக்குப் போவது மட்டும் உறுதி. கொளுத்தினால் அதே நஞ்சு மூச்சில் ஏறும்.

வீட்டுக் காந்தத்தை வட்டின்மேல் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஹார்டு டிஸ்கைத் திறந்து பார்த்தால், முனையை அசைக்கும் கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு நியோடிமியம் காந்தங்கள் தெரியும். ஸ்பீக்கர் காந்தத்தைவிடப் பலமானவை. தட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருந்தும் ஒரு எழுத்தைக்கூட அவை அழிக்கவில்லையே! தட்டின் கோபால்ட் கலவை அத்தனை பிடிவாதமானது. அதைக் கலைக்க 5,000 ஓர்ஸ்டெட் அளவில் புலம் வேண்டும். பூமியின் காந்தப் புலம் அரை ஓர்ஸ்டெட்கூட இங்கே தேறாது. அதற்கென்றே செய்த டீகாஸர் இயந்திரம் அந்த வேலையைச் செய்யும். முனைக்கு வழிகாட்டும் தடக்குறிகளையும் சேர்த்தே அழித்துவிடுவதால், அதன்பின் வட்டு எதற்கும் உதவாது. (அந்த நியோடிமியம் நம் குமரிக் கடற்கரை மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டிலும் இருக்கிறது. உலகம் அதற்காக அடித்துக்கொள்ளும் காலத்தில் ஓடுகிற வட்டைக்கூட ஓட்டை போட்டு வீசுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. துடைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம்.)

இவ்வளவு நேரம் பேசியது இயற்பியல். உண்மையில் தகவல் கசிந்த பெரிய சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், இயற்பியல் எங்கேயும் தோற்கவில்லை. தோற்றது கைமாற்றம்.

மார்கன் ஸ்டான்லி, உலகப் பெரிய நிதி நிறுவனங்களில் ஒன்று. 2016இல் இரண்டு தரவு மையங்களை மூடியபோது, ஆயிரக்கணக்கான ஹார்டு டிஸ்குகளை அப்புறப்படுத்தும் பொறுப்பைச் சாமான் ஏற்றி இறக்கும் நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தது. தகவல் அழிப்பில் அந்த நிறுவனத்துக்கு அனுபவம் கிடையாது. முதலில் துடைத்துக் கொடுக்கும் ஒரு துணை நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்தவர்கள், பிறகு அதைக் கழற்றிவிட்டு, துடைக்காமலே இன்னொருவருக்கு விற்றார்கள். அவை கடைசியில் இணைய ஏலத்துக்குப் போயின. 2017இல் ஓக்லஹோமாவில் வட்டு வாங்கிய ஒரு கணினி ஆலோசகர், ‘உங்கள் தகவல் என் கையில் இருக்கிறது’ என்று மார்கன் ஸ்டான்லிக்கே மின்னஞ்சல் அனுப்பினார். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. 2020இல் வங்கிக் கட்டுப்பாட்டாளர் விதித்த அபராதம் 6 கோடி டாலர். 2022 செப்டம்பரில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டாளர் விதித்தது 3.5 கோடி டாலர். பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர் சுமார் 1.5 கோடிப் பேர். விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. காணாமல்போன சில கருவிகளில் தகவலைக் குறியாக்கம் செய்யும் வசதி இருந்தும், பல ஆண்டுகளாக அதை யாரும் இயக்கிவைக்கவில்லை.

இங்கிலாந்தின் பிரைட்டனில் இதே கதை, அளவுதான் சிறியது. அரசு மருத்துவமனை ஒன்று சுமார் 1,000 வட்டுகளை அழிக்கக் கொடுத்தது. அவற்றில் 252 இணைய ஏலத்தில் விலைபோயின. 2012இல் அபராதம் 3,25,000 பவுண்டு. இரண்டு இடத்திலும் அழிக்கும் தொழில்நுட்பத்தில் குறையே இல்லை. அழித்தாயிற்று என்று நம்பியவர்கள் போய்ப் பார்க்கவில்லை.

காரைக்கால் பாரதியார் சாலையில் நாலு கணினி வைத்திருக்கும் அலுவலகத்துக்கு இது ஒருவகையில் நல்ல செய்தி. அமெரிக்க வங்கிக்கு முடியாததை அவர்கள் சுலபமாகச் செய்யலாம். வட்டு அவர்கள் மேசையில்தான் இருக்கிறது. வாசல்படி தாண்டும் முன்பே துடைத்துவிட்டால், அப்புறம் அது கடைக்காரரிடமோ, பழைய இரும்புக்காரரிடமோ, ரிச்சி தெருவிலோ எங்கே போனால் என்ன? இரவு கடை சாத்தும்போது மேலெழுதலை ஓட விட்டால் காலையில் முடிந்திருக்கும். பிறகு அதே ஃபோட்டோரெக்கை ஓட்டி ஒரு படமாவது அகப்படுகிறதா என்று பார்த்துவிடலாம். இந்தச் சரிபார்ப்பைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வட்டின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண், எந்தத் தேதியில், எந்த முறையில், யார் துடைத்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

வெளியாளிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், சான்றிதழை வாங்கும்போது அதில் வட்டுகளின் வரிசை எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘மின்கழிவு இத்தனை கிலோ பெறப்பட்டது’ என்ற காகிதம் எடைச்சீட்டு, அழிப்புச் சான்று அல்ல. எஸ்எஸ்டியை அரைத்துத் தருகிறோம் என்றால் துண்டு எத்தனை பெரியது என்று கேட்க வேண்டும். கட்டைவிரல் அளவுத் துண்டில் ஒரு முழுச் சில்லே தப்பித்துவிடும். உச்சப் பாதுகாப்புக்கு அமெரிக்காவில் 2 மில்லிமீட்டர்த் துகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

சட்டப் பக்கம் காரைக்காலுக்கென்று ஒரு சின்னச் சிக்கல் உண்டு. ஊரைச் சுற்றித் தமிழ்நாடு. மாசுக் கட்டுப்பாடோ புதுச்சேரியின் குழுமத்திடம். ஜிஎஸ்டி எண் இங்கே 34-இல் தொடங்கும், வாஞ்சூரைத் தாண்டி நாகூருக்குள் போனால் 33. உள்ளூர்க் கழிவாகத் தெரிகிற சரக்கு கொஞ்ச தூரத்திலேயே மாநில எல்லை தாண்டிய சரக்காகிவிடுகிறது. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் இ-வே பில்லும் வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள், ஆண்டில் 1,000 கருவிகளாவது பயன்படுத்தும் நிறுவனத்தையே பெரும் பயனாளர் என்று கணக்கில் கொள்கின்றன. நெரவியில் உள்ள ஓஎன்ஜிசி மாதிரியான பெரிய அலுவலகங்களுக்கு அந்த வரம்பு பொருந்தலாம், ஆடிட்டர் ஆபீஸுக்குப் பொருந்தாது. அதற்காகப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரைத் தேடாமல் இருக்க வேண்டியதில்லை. பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் மாநில வாரியாக இருக்கிறது. நாலு வட்டுக்காக யாரும் சென்னையிலிருந்து வண்டி அனுப்ப மாட்டார்கள் என்பது வேறு விஷயம். வணிகர் சங்கம் ஆண்டுக்கு ஒரு நாள் வைத்து எல்லாருடையதையும் சேர்த்து அனுப்பினால் வண்டி வரும். திருவேட்டக்குடியில் என்ஐடியே இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் அன்றைக்கு வந்து வட்டுகளைத் துடைத்துச் சரிபார்த்துக் கொடுத்தால் அவர்களுக்கும் அது ஒரு பாடம்.

தனிநபர் தகவலைக் காக்க 2023இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு நடப்புக்கு வருகின்றன. வந்த வேலை முடிந்ததும் தகவலை அழிக்க வேண்டும், காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய்வரை போகலாம் என்கிறது சட்டம். இதைக் கேட்டுப் பதறி எல்லாவற்றையும் துடைத்துவிடவும் கூடாது. ஜிஎஸ்டி கணக்கை ஆண்டறிக்கைக் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். துடைப்பதற்கு முந்தைய வேலை, டேலி கோப்பின் நகல் புதிய கணினியில் திறக்கிறதா என்று திறந்து பார்ப்பது.

கணினியோடு விஷயம் முடியவில்லை. சிசிடிவி பதிவுப் பெட்டிக்குள் இருப்பதும் ஹார்டு டிஸ்க்தான். நீதிமன்றம், தாலுகா ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் உள்ள பெரிய டிஜிட்டல் இயந்திரங்கள் பலவற்றுக்குள்ளும் ஒன்று உண்டு. நகல் எடுத்த பக்கத்தின் உருவம் அதில் தங்கியிருக்கலாம். அமெரிக்காவில் அஃபினிட்டி என்ற காப்பீட்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்த நகல் இயந்திரங்களைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்தது. சிபிஎஸ் தொலைக்காட்சிக்காரர்கள் 2010இல் அதில் ஒன்றை வாங்கி, உள்ளே இருந்த நோயாளிக் குறிப்புகளை எடுத்துக் காட்டினார்கள். 2013இல் அந்த நிறுவனம் கட்டிய தொகை 12 லட்சம் டாலருக்கு மேல். இத்தகைய இயந்திரத்தின் அமைப்புப் பட்டியலில் நினைவகத்தை அழிக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் சர்வீஸ் ஆளைக் கேட்டு அதை ஓட்டச் சொல்ல வேண்டும்.

புதிய கணினிக்கு வருவோம். அதை மாட்டிய முதல் நாளே பிட்லாக்கரை இயக்கிவிட்டால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி அடுத்த தடவை இருக்காது. வட்டில் எழுதப்படும் எல்லாமே குறியாக்கமாகி இருக்கும். வட்டு செத்தாலும், திருடு போனாலும், எஸ்எஸ்டி எந்த மூலையில் எதை ஒளித்துவைத்திருந்தாலும், சாவி இல்லாதவருக்கு அது வெறும் இரைச்சல். கழிக்கும் நாளில் சாவியை அழித்தால் சில நொடியில் வேலை முடிந்தது. விண்டோஸின் ஹோம் பதிப்பில் முழு பிட்லாக்கர் கிடையாது, பல கணினிகளில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற எளிய வடிவம் இருக்கும். அலுவலகத்துக்கு புரோ பதிப்பு வாங்கக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு இந்த ஒரு காரணமே போதும். டேலியிலும் டேலிவால்ட் என்ற குறியாக்க வசதி உண்டு. அதன் கடவுச்சொல் மறந்தால் கணக்கு உங்களுக்கும் இல்லை. பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணும் அப்படித்தான். அதைக் காகிதத்தில் அச்சிட்டு, பத்திரம் வைக்கும் இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். அதே கணினியில், அந்த எக்செல் கோப்புக்குள் எழுதிவைக்கக் கூடாது.